மழைக்கு மனு, சாமிக்குக் கெடு: சீனக் கிராமங்களின் மழைச் சடங்குகள்

கேள்வி இதுதான்: “மழை பெய்யாவிட்டால் சீனக் கிராமத்துக்காரர்கள் சாமி சிலையைத் தூக்கி வெயிலில் வைத்துவிடுவார்களாமே, உண்மையா? மழைக்காக வேறு என்னென்ன செய்தார்கள்? இன்றும் செய்கிறார்களா?”

உண்மைதான். வட சீனாவில் அது பலரும் அறிந்த வழக்கம். அதற்கு ‘ஷாய் லோங்வாங்’ என்று தனிப் பெயரே இருக்கிறது. ‘லோங்வாங்’ என்றால் டிராகன் அரசன், மழையைக் கையில் வைத்திருக்கும் தெய்வம். அவரை வெயிலில் காயவைப்பதுதான் ‘ஷாய் லோங்வாங்’.

ஆனால் அந்த ஒரு காட்சியை மட்டும் பிடித்துக்கொண்டால் விஷயம் கைநழுவிப் போய்விடும். சாமியை வெயிலில் வைப்பது ஆத்திரத்தில் செய்த காரியம் இல்லை. வாரக்கணக்கில் நடந்த ஒரு முறையீட்டின் கடைசிப் படி அது. சீன விவசாயியின் கண்ணில் மழைத் தெய்வம் ஒரு பொறுப்பதிகாரி. அவரிடம் மனுக் கொடுக்கலாம், கெடு வைக்கலாம். வேலையை ஒழுங்காகச் செய்தால் பதவி உயர்வு கிடைக்க ஏற்பாடு செய்யலாம், செய்யாவிட்டால் தண்டிக்கலாம். இது பிடிபட்டால், பார்க்க விநோதமாகத் தெரியும் பல சடங்குகள் தாமாகவே விளங்கிவிடும்.

முதலில் அந்த ஊர் வானத்தைச் சொல்ல வேண்டும். வட சீனச் சமவெளியில் ஆண்டுக்குச் சுமார் 500 முதல் 600 மி.மீ. மழை. அதில் பாதிக்கு மேல் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். வசந்தத்தில் வானம் வெறிச்சென்று கிடக்கும். அப்போதுதான் தினைக்கும் சோளத்துக்கும் விதைப்பு ஈரம் வேண்டும். குளிர்காலம் முழுக்க நிலத்தில் கிடந்த கோதுமை கதிர் பிடிக்கவும் ஈரம் வேண்டும். ‘வசந்த மழை எண்ணெய் மாதிரி, அவ்வளவு விலை’ என்பது அங்கே குழந்தைக்கும் தெரிந்த பழமொழி. இன்னும் மேற்கே, ஷென்சி மாகாணத்தின் வடபகுதியில், மஞ்சள் வண்டல் மேடுகளில் ஆண்டுக்கு 400 மி.மீ. அளவுதான். அங்கே ஆறு பள்ளத்தில் ஓடும், வயல் மேட்டில் இருக்கும். வானத்தை விட்டால் வேறு வழியில்லை.

சந்திர நாட்காட்டியின் ஐந்தாம் மாதம் பதின்மூன்றாம் நாளுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. மாவீரன் குவான் யூ தன் வாளைத் தீட்டும் நாள் அது. தீட்டுவதற்குத் தண்ணீர் வேண்டுமே, அதனால் அன்று மழை வரும் என்பார்கள். ‘எவ்வளவு பெரிய வறட்சியும் ஐந்தாம் மாதம் பதின்மூன்றைத் தாண்டாது’ என்று ஒரு சொலவடை. நம் கணக்கில் அது பெரும்பாலும் ஜூன் மாதம், கோடைமழை தொடங்கும் நேரம். அந்த நாளும் காய்ந்தே கழிந்தால்தான் ஊருக்குள் நிஜமான பயம் தொடங்கும்.

பயம் வந்ததும் ஊர்ப் பெரியவர்கள் கோயிலில் கூடுவார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்றோ, நிலத்துக்கு இவ்வளவு என்றோ வரி போடுவார்கள். ஆடு மாடு பன்றி அறுக்கக் கூடாது என்று தடை வரும். அந்தத் தடையை மாவட்ட அதிகாரியே ஊர்ச் சுவர்களில் ஒட்டுவதும் உண்டு. பிறகு ஊர்வலம்.

வட ஷென்சி ஊர்வலத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். ஆண்கள் மட்டும். செருப்பு கிடையாது. தலையில் வில்லோ மரத்தின் பச்சைக் கிளையை வளைத்துச் செய்த வளையம். வில்லோ தண்ணீர் பக்கத்தில் வளரும் மரம், அதனால்தான் அது. தொப்பியும் குடையும் கூடவே கூடாது. வெயிலுக்குக் குடை பிடிப்பவன் வெயிலை ஒப்புக்கொண்டவன். மழை வரும் என்று நம்புகிறவனுக்கு வெயிலிலிருந்து தப்பிக்க என்ன அவசரம்? லோங்வாங் சின்னப் பல்லக்கில் வருவார். நால்வர் தூக்குவார்கள். முன்னால் போகிறவர் “லோங்வாங் ஐயா, உயிர்களைக் காப்பாற்று!” என்று நீட்டிக் குரல் கொடுக்க, பின்னால் ஊரே மண்ணில் மண்டியிட்டு அதைத் திருப்பிச் சொல்லும். பல்லக்கு சில நேரம் தானாக இழுக்கும். தூக்குகிறவர்கள் அது இழுத்த பக்கம் ஓடுவார்கள். சாமி எங்கே போகச் சொல்கிறார் என்று அதை வைத்தே தெரிந்துகொள்வார்கள்.

ஊர்வலம் பெரும்பாலும் ஒரு ஊற்றையோ மலைச் சுனையையோ நோக்கித்தான் போகும். இந்தச் சடங்குக்கு ‘நீர் எடுத்தல்’ என்று பெயர். கழுத்துக் குறுகிய ஒரு சின்னக் குப்பியைக் கயிற்றில் கட்டிச் சுனைக்குள் இறக்குவார்கள், அல்லது பாறைக் கசிவுக்குக் கீழே வைப்பார்கள். ஒரு குவளை எடுத்து மொண்டு ஊற்றிவிட முடியாதா? முடியும், ஆனால் அது திருட்டு ஆகிவிடும். குப்பிக்குள் தண்ணீர் தானாக வந்து சேர வேண்டும். ஊதுபத்தி எரிந்து முடியும், இன்னொன்று ஏற்றுவார்கள், எல்லோரும் முழங்காலில் இருப்பார்கள். உள்ளே சில சொட்டு விழுந்திருந்தால் போதும், சாமி சம்மதித்துவிட்டார். அந்தக் குப்பியை அவ்வளவு தூரமும் பத்திரமாகச் சுமந்து கொண்டுவந்து கோயிலில் வைப்பார்கள். மழை பெய்தபின் அதைத் திரும்பக் கொண்டுபோய் அதே சுனையில் சேர்க்கும் ஊர்களும் உண்டு. வாங்கியது கடன், கடனைத் தீர்க்க வேண்டும்.

பெண்களுக்குத் தனிச் சடங்குகள் இருந்தன. ஹெபெய், ஷாண்டோங் பக்கங்களில், வறண்டு வெடித்துக் கிடக்கும் ஊர்க் குளத்தைக் கைம்பெண்கள் இறங்கித் துடைப்பத்தால் பெருக்குவார்கள். சில இடங்களில் கிணற்றைத் தூர் வாருவார்கள். இத்தனை கைம்பெண்கள் என்று ஊருக்கு ஊர் எண்ணிக்கை மாறும். பன்னிரண்டு என்பது அடிக்கடி கேட்கும் எண். மற்ற நாளில் எந்த நல்ல காரியத்துக்கும் அழைக்கப்படாத அந்தப் பெண்களைத்தான் ஊரே காய்ந்து நிற்கும்போது கூப்பிட்டார்கள். இதற்குப் பின்னால் மிகப் பழைய ஒரு தர்க்கம் இருக்கிறது. பெண், நீர், இருள், குளிர்ச்சி இவையெல்லாம் யின். ஆண், வெயில், நெருப்பு, தெற்குத் திசை இவையெல்லாம் யாங். வறட்சி என்றால் யாங் எல்லை மீறிவிட்டது என்று பொருள். யின்னுக்கு வலு ஏற்ற வேண்டும், யாங்கை அடைத்து வைக்க வேண்டும்.

இதை எழுத்தில் முறைப்படுத்தியவர் ஹான் வம்சத்து அறிஞர் தோங் சோங்ஷூ, கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். மழை வேண்டுவதற்கென்றே அவர் பெயரில் ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது. நகரத்தின் தெற்கு வாசலை மூடு, வடக்கு வாசலைத் திற. களிமண்ணில் டிராகன் செய்து வை. எந்தப் பருவத்துக்கு எந்த நிறம், எந்தத் திசை, எத்தனை பேர் ஆட வேண்டும் என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. தொட்டியில் தவளை இனத்து உயிர்களை விடு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்கள் கண்ணில் படாமல் மறைந்திருக்க வேண்டும், பெண்கள் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும். தெற்கு வாசலை மூடும் வழக்கம் கிட்டத்தட்ட இரண்டாயிரம் ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. 19ஆம் நூற்றாண்டிலும் வறட்சி என்றதும் மாவட்ட அதிகாரிகள் தெற்கு வாசலை அடைத்தார்கள்.

குழந்தைகளை வைத்துச் செய்த சடங்கு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. 1077இல் சோங் வம்சத்து அரசவை ஒரு முறையை நாடு முழுவதற்கும் அறிவித்தது. சில பத்துப் பல்லியினங்களைப் பிடித்துப் பானையில் இலைகளோடு போட வேண்டும். டிராகனுக்கு அவை உறவு முறை என்பது நம்பிக்கை. பத்து வயதிலிருந்து பதின்மூன்று வயது வரையுள்ள 28 சிறுவர்கள், பச்சை உடை, முகத்திலும் கை கால்களிலும் பச்சைப் பூச்சு. இரண்டு அணியாகப் பிரிந்து, நீரில் நனைத்த வில்லோ கிளையைச் சிலிர்த்துத் தெளித்தபடி, இரவும் பகலும் பானையைச் சுற்றிச் சுற்றி வந்து பாட வேண்டும். பாட்டின் பொருள் இது: “பல்லியே பல்லியே, மேகம் கிளப்பு, மூடுபனி கக்கு, மழையைக் கொட்டவை, உன்னை வீட்டுக்கு விட்டுவிடுகிறோம்.”

இதில் வேண்டுதல் எங்கே இருக்கிறது? இது பேரம். பிணையாகப் பிடித்து வைத்துக்கொண்டு பேசும் பேச்சு. தலைநகர் கைஃபெங்கில் சரியான பல்லி கிடைக்காமல், வீட்டுச் சுவரில் ஓடும் பல்லிகளைப் பிடித்துப் போட்டுவிட்டார்களாம். அவை பானைக்குள் செத்துக்கொண்டிருந்தன. அதைப் பார்த்த சிறுவர்கள் பாட்டையே மாற்றிவிட்டதாக அந்தக் காலத்துக் குறிப்பு ஒன்று சொல்கிறது: “அநியாயம் அநியாயம், நான் வெறும் சுவர்ப்பல்லி, இப்படி மயங்கிக் கிடக்கையில் நான் எங்கே மழை தர?”

இந்தப் பேரம் பெரிய தெய்வங்களோடும் அப்படியேதான் நடந்தது. அவர்களிடம் பாட்டுக்குப் பதில் மனுக் காகிதம், அவ்வளவே வித்தியாசம். 1062இல் கவிஞர் சூ ஷி ஷென்சியின் ஃபெங்ஷியாங்கில் இளநிலை அதிகாரி. வயது இருபத்தைந்து. மழை பொய்த்தது. பக்கத்தில் தாய்பாய் மலை, அதன் தெய்வம் மழைக்குப் பேர்போனது. ஆனால் கேட்டுக் கேட்டுப் பார்த்தும் பலனில்லை. சூ ஷி பழைய ஆவணங்களைத் துழாவினார். தாங் வம்சத்தில் அந்த மலைத் தெய்வத்துக்குக் ‘கோமகன்’ பட்டம் இருந்திருக்கிறது. சோங் ஆட்சியில் கொடுத்ததோ அதைவிட ஒரு படி கீழான பட்டம். ஆக, சாமிக்குப் பதவி இறக்கம் நடந்திருக்கிறது, மனக்குறை இருக்கத்தானே செய்யும்? பழைய பட்டத்தைத் திருப்பித் தரும்படி அரசவைக்கு மனு எழுதினார். மழையும் வந்தது. அப்போது அவர் கட்டிக்கொண்டிருந்த மண்டபத்துக்கு ‘மகிழ்மழை மண்டபம்’ என்றே பெயர் வைத்தார். அதைப் பற்றி அவர் எழுதிய உரைநடையைச் சீனப் பிள்ளைகள் இன்றும் படிக்கிறார்கள்.

டிராகன்களுக்கு ‘அரசன்’ பட்டம் கிடைத்த கதையும் இதோடு சேர்ந்ததே. சீனாவில் டிராகனுக்கும் மழைக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. ஆனால் ‘டிராகன் அரசன்’ என்று கோயில் கொண்டு அமரும் தெய்வம் பௌத்தத்தோடு வந்தது. பௌத்த நூல்களில் உள்ள ‘நாகராஜன்’ என்ற சொல்லை ‘லோங்வாங்’ என்று சீனத்தில் பெயர்த்தார்கள். நீரில் வாழும் இந்திய நாகமும் மேகத்தில் திரியும் சீன டிராகனும் ஒன்றாகிப் போயின. 1108இல் சோங் பேரரசர் ஹுய்சோங் ஐந்து நிற டிராகன்களுக்கும் அரச பட்டம் கொடுத்து ஆணையே பிறப்பித்தார்.

இந்த இடத்தில் காஞ்சிபுரத்தைச் சொல்லாமல் தாண்ட முடியாது. 719இல் கடல் வழியாகக் குவாங்சோவில் வந்து இறங்கிய பௌத்த ஆசாரியர் வஜ்ரபோதி தென்னிந்தியர். அவருடைய தந்தை காஞ்சி மன்னனுக்கு ஆசானாக இருந்தவர் என்று சீன வரலாறு எழுதியிருக்கிறது. சீனாவுக்கு வருமுன் பல்லவ நாட்டில் மூன்றாண்டு வறட்சி வந்தபோது மன்னன் அவரை அழைத்து மழைக்குச் சடங்கு செய்வித்தான் என்றும் அவருடைய சீன வாழ்க்கைக் குறிப்பில் வருகிறது. பிறகு தாங் பேரரசர் சுவான்சோங் காலத்தில் ஒரு வருடம் முதல் மாதத்திலிருந்து ஐந்தாம் மாதம் வரை ஒரு துளி விழவில்லை. மலைக் கோயில், ஆற்றுக் கோயில் எல்லாம் கேட்டுப் பார்த்துக் கைவிட்ட பிறகு வஜ்ரபோதியைக் கூப்பிட்டார்கள். சடங்குக்கான மண்டலம் அமைத்து, போதிசத்துவர் படம் எழுதி, அதற்குக் கண் திறக்கும் நாளில் மழை வரும் என்றார். வந்தது என்கிறது அந்நூல். சீனக் கிராமக் கோயிலில் வெயிலில் உட்காரும் லோங்வாங்கின் வம்சாவளியில் நம் பக்கத்து ரத்தமும் கொஞ்சம் இருக்கிறது.

மனு எப்படிப் போகும், உத்தரவு எப்படி வரும் என்பதைக் கிராமத்தார் சுவரில் வரைந்தே வைத்திருக்கிறார்கள். ஹெபெய் மாகாணத்தின் யூ மாவட்டத்தில் லோங்வாங் கோயில் இல்லாத பழைய ஊரைப் பார்ப்பது அரிது. சின்ன அறைதான். கிழக்குச் சுவரில் மழை பெய்யப் புறப்படும் படை. சாக்கில் காற்றைக் கட்டிக்கொண்டு வரும் காற்றுக் கிழவி, பறைகள் சூழ இடித்தேவன், இரண்டு கைகளிலும் கண்ணாடி ஏந்தி மின்னல் தெறிக்கவைக்கும் மின்னல் தாய், நடுவே குதிரை மேல் டிராகன் அரசர்கள். அவர்களோடு காகிதக் கட்டுகளை ஏந்திய தூதர்களும் பேரேடு வைத்திருக்கும் எழுத்தரும். எங்கே, எப்போது, எவ்வளவு என்று மேலிடம் எழுதிக்கொடுத்த உத்தரவு இல்லாமல் ஒரு துளி விழக்கூடாது. மேற்குச் சுவரில் வேலை முடிந்து அரண்மனைக்குத் திரும்பும் அதே கூட்டம். இந்த ஓவியத்தை வரைந்தவர்களுக்கு அரசாங்க அலுவலகம் எப்படி இயங்கும் என்பது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஷான்சி மாகாணத்தில் (ஷென்சி வேறு, ஷான்சி வேறு, இரண்டும் பக்கத்துப் பக்கத்து மாகாணங்கள்) ஹோங்தோங் மாவட்டத்தில் குவாங்ஷெங் மடத்தை ஒட்டி நீர்த்தெய்வக் கோயில் ஒன்று இருக்கிறது. 1303இல் பெரும் நிலநடுக்கத்தில் இடிந்து மறுபடி கட்டப்பட்டது. உள்ளே ஒரு சுவரில் மழை வேண்டும் காட்சி, எதிர்ச் சுவரில் மழை பொழியும் காட்சி. வாசல் பக்கச் சுவரில் ஒரு நாடகக் குழு மேடையில் வரிசையாக நிற்கிறது. 1324 என்ற ஆண்டும், நடுவில் நிற்கும் நடிகையின் பெயர் சோங்து ஷியூ என்பதும் ஓவியத்துக்கு மேலேயே எழுதியிருக்கிறது. சீன நாடக வரலாற்றுக்காரர்கள் அந்தச் சுவரைப் பொக்கிஷமாகக் கருதுகிறார்கள். மழைக் கோயிலில் நாடகக்காரிக்கு என்ன வேலை என்று கேட்டால், அவள்தான் கூலி. “மழை தந்தால் மூன்று நாள் கூத்து நடத்துகிறோம்” என்று நேர்ந்துகொள்வார்கள். மழை வந்தால் அறுவடை முடிந்ததும் குழுவை அழைத்து, மேடை கோயிலைப் பார்த்திருக்க, சாமிக்கு எதிரே ஆடவைப்பார்கள். மனிதர்களும் பார்க்கலாம்; ஆனால் சீட்டு சாமிக்கு.

நேர்ச்சையைச் செலுத்தாமல் ஏமாற்றினால் அடுத்த வறட்சியில் எந்த முகத்தோடு போய் நிற்பது? அதே கேள்வியைச் சாமியிடமும் கேட்டார்கள். ஊர்வலம் வந்தாகிவிட்டது, மாமிசம் விட்டாகிவிட்டது, கூத்தும் நேர்ந்தாகிவிட்டது, இன்னும் மழை இல்லை என்றால் தவறு யார் பக்கம்? சில ஊர்கள் பக்கத்து ஊரின் சக்திவாய்ந்த லோங்வாங்கை ராத்திரியோடு ராத்திரியாகத் திருடிக்கொண்டு வந்துவிடும். பறிகொடுத்த ஊருக்கும் விஷயம் தெரியும், பெரும்பாலும் கண்டுகொள்ளாது. மழை பெய்ததும் மேளதாளத்தோடு, காணிக்கையோடு திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். மற்ற ஊர்கள் தங்கள் சாமியையே வெளியே தூக்கிக்கொண்டு வரும். “எங்கள் வயல் எப்படி இருக்கிறது என்று நீயே பார்.” 1840களில் சீனாவில் பயணம் செய்த பிரெஞ்சுப் பாதிரியார் ஹுக், மழை தராத டிராகனைப் பேரரசர் ஜியாச்சிங் தூர மேற்கே ஈலிக்கு நாடுகடத்த உத்தரவிட்டதாகவும், அரசவையினர் மண்டியிட்டு மன்னிப்பு வாங்கிக் கொடுத்ததாகவும் எழுதியிருக்கிறார். கேள்விப்பட்ட கதையாக இருக்கலாம். ஆனால் கேட்டவர்கள் யாருக்கும் அது விபரீதமாகப் படவில்லை என்பது முக்கியம்.

பொறுப்பில் இருப்பவன் வெயிலில் நிற்க வேண்டும் என்ற விதி சாமிக்கு மட்டும் போட்டதல்ல. 1370இல் மிங் வம்சத்தை நிறுவிய பேரரசர் ஹோங்வூ வெள்ளை உடையும் புல் செருப்புமாகப் பலிபீடத்துக்கு நடந்து போய், பகலில் வெயில் காய, இரவில் தரையில் கிடக்க, மூன்று நாள் வெட்டவெளியில் பாய் விரித்து இருந்தார். 1585இல் பேரரசர் வான்லி அரண்மனையிலிருந்து சொர்க்கக் கோயில் வரை பல்லக்கு இல்லாமல் நடந்தே போனார். 1832இல் பேரரசர் தாவோகுவாங், தான் செய்த பிழைகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வானத்திடம் தன்னையே குற்றம்சாட்டிக்கொண்ட மன்றாட்டு இன்றும் படிக்கக் கிடைக்கிறது. மாவட்ட அதிகாரிகளும் தொப்பி கழற்றி வெயிலில் நடந்தார்கள். நடக்கவில்லை என்றால் கூட்டம் அலுவலக வாசலுக்கு வந்துவிடும். 1867இல் வறட்சி முற்றியபோது, ஹெபெயின் ஹான்டான் ஊர்ப்புறத்து டிராகன் கிணற்றிலிருந்து ஓர் இரும்புப் பலகையைப் பெய்ஜிங்குக்கே தருவித்தார்கள். கிராமத்துக் கிணற்றுப் பொருளுக்கு முன்னால் பேரரசு கைகூப்பி நின்றது.

இதன் அடியில் இன்னும் பழைய, இன்னும் கொடிய ஒரு படலம் இருக்கிறது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஷாங் அரசர்கள் குறி கேட்டு எழுதிவைத்த எலும்புகளில் மழைக்காக ஆடியதும் இருக்கிறது, மனிதரை எரித்ததும் இருக்கிறது. கி.மு. 639இல் பழைய சீன அரசுகளில் ஒன்றான லூ நாட்டில் கடும் வறட்சி. சாமியாடியையும் ஊனமுற்ற ஒருவரையும் எரிக்க நினைத்தார் மன்னர். அமைச்சர் சாங் வென்சோங் தடுத்தார். இது வறட்சிக்கு ஏற்பாடு இல்லை, மதிலைச் சீர்செய்யுங்கள், சாப்பாட்டைக் குறையுங்கள், செலவைச் சுருக்குங்கள், பயிர் வேலையைப் பாருங்கள், இருப்பவர் இல்லாதவருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள் என்றார். வானம் அவர்களைக் கொல்ல நினைத்திருந்தால் பிறக்கவே விட்டிருக்காது. வறட்சியை உண்டாக்கும் சக்தி அவர்களுக்கு இருந்தால் எரிப்பது அதை இன்னும் மோசமாக்கத்தானே செய்யும்? மன்னர் கேட்டுக்கொண்டார். அந்த வருடம் பஞ்சம் வந்தது, ஆனால் சேதம் பெரிதாக இல்லை என்று குறிப்பு முடிகிறது. நான் படித்த பஞ்ச நிவாரண ஆலோசனைகளில் இவ்வளவு தெளிவானது வேறு இல்லை.

அதற்கு நான்கு நூற்றாண்டு கழித்து சுன்சி என்ற தத்துவவாதி நேராகவே கேட்டார்: மழைச் சடங்கு செய்தால் மழை வருகிறதே, ஏன்? ஏனும் இல்லை, செய்யாவிட்டாலும் வருவது மாதிரிதான் வருகிறது. ஆக, சடங்கு மழையைக் கொண்டுவராது என்று சொல்லும் துணிவு அந்த மண்ணிலேயே இருந்தது. ஆனாலும் சடங்கை விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. அறிந்தவருக்கு அது பண்பாட்டின் அலங்காரம், மக்களுக்கு அது தெய்வக் காரியம் என்றார்.

இந்தச் சடங்குகளில் அழகு மட்டுமே இருந்தது என்று நான் எழுதினால் அது பொய். வறட்சிக்கு ஒரு காரணகர்த்தா வேண்டும் என்ற தேடல் பல நேரம் பலவீனமானவர் மேல் விழுந்தது. ஷாண்டோங்கில் புதிதாகப் புதைத்த பிணம் ‘ஹான்பா’ என்ற வறட்சிப் பேயாகி மழையைத் தடுக்கிறது என்று சொல்லிக் கல்லறையைத் தோண்டி உடலைச் சிதைத்தார்கள். மிங் காலத்தில் அந்த வழக்கத்தைத் தடைசெய்த அதிகாரியின் பெயர் அரச வரலாற்றில் இடம்பெறும் அளவுக்கு அது பரவியிருந்தது. துக்கம் ஆறாத ஒரு குடும்பத்தின் வாசலில் ஊரே மண்வெட்டியோடு வந்து நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

19ஆம் நூற்றாண்டில் இன்னொரு பிளவு. ஊர்க் கோயிலுக்கும் மழைச் சடங்குக்கும் வரி கட்டுவதிலிருந்து கிறித்தவர்களுக்கு 1862இல் அரசு விலக்கு அளித்தது. மதச் சுதந்திரம் என்ற வகையில் அது நியாயம். ஆனால் ஊர்க்காரர்களின் கண்ணில் படும்போது கதை வேறு: மழை பெய்தால் அவர்கள் வயலிலும்தானே பெய்யும், காசு மட்டும் நாங்கள் கொடுப்பதா? வடக்கில் 1900 வசந்தம் காய்ந்தே போனபோது அந்நியரையும் கிறித்தவத்தையும் எதிர்த்துக் கிளம்பிய பாக்ஸர் கலகக்காரர்களின் சுவரொட்டி ஒன்று அந்தக் கசப்பை இரண்டு வரியில் சொன்னது: மழை இல்லை, மண் வறண்டது, வானத்தை மறைப்பவை சர்ச்சுகள்தாம். அந்த வரிகளுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான சீனக் கிறித்தவர்கள் கொல்லப்பட்டார்கள். 1934 வறட்சியில் ஜெஜியாங் மாகாணத்தின் யூயாவோவில் மழை ஊர்வலத்தைத் தடுக்கப் போன பள்ளித் தலைமையாசிரியர் ஒருவரைக் கூட்டம் அடித்து, குரல்வளையைக் கடித்தே கொன்றது. எழுத்தாளர் லூ ஷுன் அதைப் பற்றி எழுதினார்.

பசியின் அளவு தெரியாமல் அந்த வெறியைப் புரிந்துகொள்ள முடியாது. 1876 முதல் 1879 வரை ஷான்சி, ஹெனான், ஷென்சி, ஷாண்டோங், ஹெபெய் பகுதிகளைத் தாக்கிய வறட்சியில் 95 லட்சத்திலிருந்து 1 கோடியே 30 லட்சம் பேர் வரை இறந்திருப்பார்கள் என்பது மதிப்பீடு. நம் பாட்டன்மார் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று சொன்னதும் இதே காலம். அது வெறும் தற்செயல் இல்லை. பசிபிக் கடல் வெப்பமடைந்த அதே வலுவான எல் நினோதான் சென்னை மாகாணத்தையும் ஷான்சியையும் ஒருசேரக் காயப்போட்டது. அங்கே லோங்வாங்கைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தவர்களும் இங்கே வானத்தைப் பார்த்து நின்றவர்களும் ஒரே மேகத்துக்காகத்தான் காத்திருந்தார்கள்.

தெற்கே போனால் சடங்கின் முகம் மாறும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே வறட்சி அவ்வளவு கொல்லாது, விளையாட்டுத்தனம் அதிகம். சிச்சுவானில் வெற்றுடம்போடு டிராகன் ஆட்டம் ஆடுகிறவர்கள் மேல் வீட்டுக்கு வீடு தண்ணீர் ஊற்றுவார்கள். குய்சோவில் மியாவ் மக்கள் நாய்க்கு உடை உடுத்தி நாற்காலியில் தூக்கிக்கொண்டு சுற்றுவார்கள். நாயைப் பார்த்து ஊர் சிரிக்க வேண்டும். சிரித்தால் மழை வரும்.

இன்றும் நடக்கிறதா என்ற கடைசிக் கேள்விக்கு வருகிறேன். 1949க்குப் பிறகு மூடநம்பிக்கை என்று தடை வந்தது, கலாசாரப் புரட்சியில் கோயில்களை இடித்தார்கள். ஆனால் சடங்கை மெலியவைத்ததில் தடையைவிடக் குழாய்க் கிணற்றுக்கும் மின்மோட்டாருக்கும்தான் பங்கு அதிகம் என்பது என் எண்ணம். மோட்டார் போட்டால் தண்ணீர் வரும் என்றான பிறகு முழங்காலில் நிற்பவர் குறைவார்கள். (நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போவது வேறு கதை.) மழையைக் கேட்டு வாங்கும் ஆசை அரசை விட்டும் போகவில்லை. 1958 ஆகஸ்டில் ஜீலின் மாகாண வறட்சியின்போது விமானத்திலிருந்து மேகத்தில் வேதிப்பொருள் தூவி மழை பெய்விக்கும் முதல் முயற்சி நடந்தது. இன்று கிராமப்புறங்களிலிருந்தே சில்வர் அயோடைடு ராக்கெட்டுகள் கிளம்புகின்றன. 2025க்குள் 55 லட்சம் சதுர கி.மீ. பரப்பை இந்தத் திட்டத்துக்குள் கொண்டுவருவது என்று 2020இல் அரசு அறிவித்தது.

கோயில்கள் 1980களில் திரும்பி வந்தன. ஷென்சியின் யூலின் பக்கம் ஹெய்லோங்தான் என்ற இடத்தில் கருப்பு டிராகன் அரசன் கோயில் இருக்கிறது. குவாங்ஷு பேரரசர் காலத்தில் ‘பலன் தரும் பிரபு’ என்று பட்டம் வாங்கிய சாமி. இடித்த இடத்திலேயே ஊர்க்காரர்கள் மறுபடி எழுப்பினார்கள். ஆறாம் மாதத் திருவிழாவுக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வரும், நாட்கணக்கில் கூத்து நடக்கும். அந்தக் காணிக்கைப் பணத்தில் 1988இலிருந்து சுற்றியுள்ள மொட்டை மேடுகளில் மரம் நட்டார்கள், பள்ளிக்கூடமும் நடத்தினார்கள். வருகிறவர்கள் இப்போது அதிகமாகக் கேட்பது மழை இல்லை. பிள்ளைக்குப் பரீட்சை, லாரி வாங்கலாமா, கடை போடலாமா, உடம்பு எப்போது தேறும் என்பவைதான். கோயிலுக்குள் பாறையிலிருந்து கசியும் ஊற்று மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. முன்னே அதைக் குப்பியில் பிடித்து வயலுக்குக் கொண்டுபோனார்கள். இப்போது பாட்டிலில் பிடித்து வீட்டில் படுத்திருக்கும் நோயாளிக்குக் கொண்டுபோகிறார்கள்.